போர்க்காலக் கடலூரின் தாய்சேய் நலப் பணிகளை ஆவணங்களில் தேடுவது எப்படி

1939 செப்டம்பர் முதல் 1945 வரை நடந்த போரின்போது கடலூர் நகரசபை கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் என்ன செய்தது என்று எழுத விரும்புவோர் முதலில் சட்டத்தைப் படிக்க வேண்டும். சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் போர் மூண்ட அதே 1939-ஆம் ஆண்டுக்குரியது. தாய்சேய் நலத்துக்கென்றே ஓர் அத்தியாயம் கொண்ட அச்சட்டம், அரசு மானியம் நீங்கலான வருமானத்தில் நகரசபைகள் 30 சதவீதத்துக்கும் ஜில்லா போர்டுகள் 12.5 சதவீதத்துக்கும் குறையாமல் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அந்த ஒதுக்கீடு மருத்துவச்சியின் சம்பளமாக மாறியதா, காகிதத்திலேயே நின்றதா என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும்.

எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால உள்ளாட்சி, பொதுச் சுகாதாரத் துறைகளின் அரசாணைகளைக் கேளுங்கள். வரவு செலவுத் திட்டத்தை மட்டும் நம்பாமல், அதே ஆண்டின் உண்மைச் செலவையும் அருகில் வைத்துப் பாருங்கள். போர்க்கால விலைவாசியில் ரூபாய் கூடியதெல்லாம் பணி கூடியதாகாது. ஆகவே தொகையைவிட, எத்தனை மருத்துவச்சிப் பணியிடங்கள் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தன என்று எண்ணுவதே நம்பகமானது. நிதியாண்டு மார்ச்சில் முடியும், பிறப்புக் கணக்கோ டிசம்பரில் முடியும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

பிறப்புப் பதிவேடுகளில் பலருக்குத் தடை ஏற்படுவது வேறொரு காரணத்தால். பெயர் சூட்டும் முன்பே பதிவு நடந்ததால் குழந்தையின் பெயருக்குரிய இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். தந்தையின் பெயரையும் தேதியையும் கொண்டே தேட வேண்டும். அதைவிட முக்கியமானது, தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம் என்பது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்ந்த தம்பதியின் முதல் குழந்தை, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதியின் பாகூரில் பிறந்திருந்தால், அப்பதிவு 1940 செப்டம்பரில் டி கோல் தலைமையில் ஜெர்மனியை எதிர்த்த ‘சுதந்திர பிரான்ஸ்’ இயக்கத்தின் பக்கம் சேர்ந்த பிரெஞ்சு நிர்வாகத்தின் ஏட்டில்தான் கிடைக்கும். பிரெஞ்சுப் பதிவுகளில் குழந்தையின் பெயரும் பெற்றோர் விவரமும் சாட்சிகளும் இடம்பெறுவதால், எல்லை தாண்டித் தேடுவதில் அலைச்சல் இருந்தாலும் பலன் அதிகம். கடலூரில் பிறப்பு எண்ணிக்கை குறைந்ததற்குப் போரைக் காரணமாக்கும் முன் இந்தப் போக்குவரத்தை நினைவில் கொள்ளுங்கள்.

கடைசியாக, தொண்ணூறு வயதை நன்கு கடந்த மூதாட்டிகளிடம் பேசுங்கள். ஆண்டைக் கேட்டால் பதில் வராது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942 ஏப்ரலில் சென்னையே காலியானதை நினைவூட்டி, அதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ‘மருத்துவச்சி’ பரம்பரையாகப் பிரசவம் பார்த்தவராகவும் இருக்கலாம், பயிற்சி பெற்ற நகரசபை ஊழியராகவும் இருக்கலாம். இருவரில் யார் என்று பிரித்தறிய, அவர் கையில் பை இருந்ததா, கூலியை வீட்டார் கொடுத்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் விடாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.