டெஸ்க்டாப்பை ஒழுங்குபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வால்பேப்பரே தெரியாத அளவுக்கு ஐகான்கள் நிறைந்துவிட்டால், ஒழுங்குபடுத்தித் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ளத் தோன்றும். சரி, இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது கோப்புகளை அடுக்கிக் காட்டுகிறதா, இடம் மாற்றுகிறதா என்று தெரியாமலே பயன்படுத்தத் தொடங்குவதுதான் இதில் பெரிய தவறு என்பேன்.

விண்டோஸுக்கான ஃபென்சஸ், ஐகான்களைக் கட்டம் கட்டிப் பிரித்துக் காட்டும். கோப்புகள் என்னவோ டெஸ்க்டாப் ஃபோல்டரிலேயேதான் இருக்கும். மேக்கில் 2018-இல் மொஹாவி என்ற இயங்குதளப் பதிப்புடன் வந்த ஸ்டாக்ஸ் வசதியும் அப்படித்தான். அதை அணைத்தால் எல்லாம் மறுபடி பரவி நிற்கும். பார்வைக்குச் சுத்தமாகிவிட்டதே என்று தேவையற்ற கோப்புகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஃபென்சஸில் ஃபோல்டர் போர்ட்டல் என்றொரு வசதி உண்டு. வேறொரு ஃபோல்டரில் இருப்பதை டெஸ்க்டாப்பிலேயே காட்டும். அங்கே தெரிவதை நகல் என்று நினைத்து அழித்தால் அசல் கோப்பே போய்விடும்.

டிராப்இட், மேக்குக்கான ஹேசல் போன்றவை வேறு வகை. நாம் அமைக்கும் விதிப்படி கோப்புகளை உண்மையிலேயே நகர்த்துபவை. ‘பிடிஎஃப் எல்லாம் ஒரே ஃபோல்டருக்கு’ என்று பொத்தாம்பொதுவாக விதி போட்டால் வங்கி அறிக்கையும் பயணச் சீட்டும் பாதி எழுதிய ஒப்பந்தமும் ஒன்றாகக் கலந்துவிடும். குப்பை இடம் மாறும், குறையாது. கோப்பின் பெயர், தேதி ஆகியவற்றையும் விதியில் சேருங்கள். சில கோப்புகளை நகலெடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள். தானாக அழிக்கும் விதி ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்டிரைவைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு தவறு. அதில் டெஸ்க்டாப் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், ஒரு கணினியில் நீங்கள் அழிப்பது அதே கணக்கில் உள்ள மற்றக் கணினியிலும் அழியும். தனிநபர் கணக்கென்றால் அதன் இணையதள ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை தேடி மீட்கலாம். இலவச இடம் 5 ஜிபிதான். பெரிய வீடியோக்களை டெஸ்க்டாப்பில் போட்டுவைத்தால் சீக்கிரம் நிறைந்துவிடும். பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறுமையாகத் தெரிந்தால் பதற வேண்டாம். ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள்.

ஷார்ட்கட்டையும் கோப்பையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. விண்டோஸில் ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். அதை அழித்தாலும் மென்பொருள் கணினியில் அப்படியே இருக்கும், இடம் மிச்சமாகாது. அம்புக்குறி இல்லாதது அசல் கோப்பாக இருக்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.

சுத்தம் செய்யும் வேகத்தில் ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துவதையும் விட்டுவிடுங்கள். அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமலே கோப்பை நீக்கிவிடும். வெறும் டெலீட் போதும்; ஓரிரு வாரம் கழித்து, எதையும் தேட வேண்டி வரவில்லை என்றால் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யலாம்.