கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வீட்டு சர்வர் பூட் ஆகவில்லையா? நின்ற இடத்தைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

படங்கள், பேக்கப், ஜெல்லிஃபின், ஹோம் அசிஸ்டன்ட் என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன மினி பிசியில் ஓட்டுபவர்கள் அதில் பெரும்பாலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டிருப்பார்கள். மானிட்டர் கிடையாது, விசைப்பலகை கிடையாது. அப்டேட் கொடுத்து ரீபூட் செய்த பிறகு எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்நுழையும்) இணைப்பு வரவில்லை என்றால், பலரும் முதலில் நினைப்பது மொத்தமாக ரீஇன்ஸ்டால் செய்துவிடலாம் என்பதைத்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்லோடரோ (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) கர்னலோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) கெட்டுப்போனால் உங்கள் தரவு அழிந்துவிடாது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்துவிடக்கூடிய பழுது இது. அவசரத்தில் இன்ஸ்டாலர் கேட்கும் டிஸ்க் கேள்விக்குத் தவறான பதில் கொடுத்தால்தான் தரவு போகும்.

இங்கே சொல்வதெல்லாம் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி உள்ள கணினியில் டெபியன் 12-ம் கிரப் பூட்லோடரும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுடோ சேர்க்க வேண்டும்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

மானிட்டர் அல்லது டிவி, அதற்கேற்ற கேபிள், வயர் உள்ள யூஎஸ்பி விசைப்பலகை. புளூடூத் விசைப்பலகை பூட் நேரத்தில் வேலை செய்யாது. 2 ஜிபிக்குக் குறையாத ஒரு பென் டிரைவில் டெபியன் நெட்இன்ஸ்ட் இமேஜை எழுதி வையுங்கள். அது இன்ஸ்டால் செய்வதற்கு மட்டுமல்ல, அதற்குள்ளேயே ரெஸ்க்யூ மோட் என்ற மீட்பு முறையும் இருக்கிறது.

படி 1: எந்த இடத்தில் நின்றது?

பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து லாகின் வரும்வரை வேலை நான்கு பேரின் கை மாறுகிறது. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் கிரப்பைத் தேடி எழுப்பும். கிரப், கர்னலையும் இனிட்ஆர்டி கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். கர்னல் எழுந்ததும், இனிட்ஆர்டிக்குள் இருக்கும் டிரைவர்களின் உதவியால் ரூட் பார்ட்டிஷன் (இயங்குதளக் கோப்புகள் உள்ள பகுதி) மவுன்ட் ஆகும், அதாவது இணைக்கப்படும். அதன்பின் சிஸ்டம்டி மற்ற சேவைகளைத் தொடங்கும். திரையில் கடைசியாக நிற்கும் வரியைப் பார்த்தால் யாருடைய கையில் நின்றது என்று தெரிந்துவிடும். அந்த வரியை அப்படியே ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட் சாதனமே இல்லை என்று சொன்னாலோ, நேராக பயாஸ் செட்டிங் பக்கத்துக்குப் போனாலோ ஃபர்ம்வேருக்கு கிரப் கிடைக்கவில்லை. 'கிரப் ரெஸ்க்யூ>' என்று நின்றால் கிரப்பின் ஆரம்பத் துண்டு மட்டும் ஏறியிருக்கிறது, தன் மற்ற கோப்புகள் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. வெறும் 'கிரப்>' என்றால் எல்லாம் ஏறிவிட்டது, மெனு விவரம் உள்ள கிரப்.சிஎஃப்ஜி கோப்புதான் அகப்படவில்லை. 'கர்னல் பேனிக்' (கர்னல் மேலே போக முடியாமல் நின்றது) என்றோ 'இனிட்ராம்எஃப்எஸ்' (இனிட்ஆர்டியின் இன்னொரு பெயர்) என்ற எழுத்தோடு ஒரு ப்ராம்ப்ட்டோ வந்தால் கிரப்மேல் பழி இல்லை.

படி 2: முதலில் பழைய கர்னலில் எழுப்புங்கள்

கிரப் மெனு வரை வருகிறதென்றால் பாதிக் கவலை விட்டது. மெனு மறைந்திருந்தால் யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேர்) கணினியில் எஸ்கேப்பை ஒருமுறையும், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தும் வரவழைக்கலாம். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் 'கிரப்>' ப்ராம்ப்ட்டுக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், நார்மல் என்று தட்டி எண்டர் கொடுத்தால் மெனு திரும்பும்.

மெனுவில் இரண்டாவதாக இருக்கும் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், ஒரு பதிப்பு பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் எழுந்துவிட்டால் பழுது புதிய கர்னலின் கோப்புகளில்தான். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: நிரம்பிப்போன பூட் பார்ட்டிஷன்

வீட்டு சர்வரில் பெரும்பாலும் தலைவலி கொடுப்பது இதுதான். என்கிரிப்ஷனோ எல்விஎம்மோ (டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கும் முறை) போட்டு இன்ஸ்டால் செய்தவர்களுக்கு /பூட் தனி பார்ட்டிஷனாக, சில நூறு எம்பி அளவில் இருக்கும். ஒவ்வொரு கர்னலுக்கும் ஒரு விஎம்லினஸ் கோப்பு (கர்னல் இதற்குள்தான்), ஒரு இனிட்ஆர்டி கோப்பு. இரண்டில் பெரியது இனிட்ஆர்டி. மூன்று நான்கு கர்னல் சேர்ந்ததும் இடம் தீர்ந்துவிடும். புதிய கர்னலின் விஎம்லினஸ் எழுதப்பட்டு, இனிட்ஆர்டி உருவாகும்போது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று நின்றுவிடும். அந்தச் சமயத்தில் கிரப் மெனு புதுப்பிக்கப்பட்டால், இனிட்ஆர்டி இல்லாத கர்னல் முதலிடத்தில் வந்து உட்காரும். அதில் பூட் செய்தால் 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)' என்று பேனிக் ஆகும். அந்த 0,0 என்பதற்கு, கர்னலுக்கு ஒரு டிஸ்க்கும் கண்ணில் படவில்லை என்று பொருள்.

எனவே ஏபிடி (டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவி) அப்கிரேடின் கடைசி வரிகளில் பிழை வந்திருந்தால், அது சரியாகும்வரை ரீபூட் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். ரீபூட் செய்த பிறகு என்றால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

1. 'டிஎஃப் -எச் /பூட்' கொடுத்து எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள்.
2. 'யூநேம் -ஆர்' கொடுங்கள். வரும் பதிப்பு எண்தான் இப்போது ஓடும் கர்னல். அதைக் குறித்து வையுங்கள். எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது.
3. 'டிபிகேஜி -எல்' கட்டளையின் வெளியீட்டில் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கும் பொதிகளைப் பாருங்கள். ஓடுவதையும் மிகப் புதியதையும் விட்டுவிட்டு, மீதமுள்ள பழையவற்றை ஒவ்வொன்றாக 'ஏபிடி பர்ஜ்' கொடுத்து நீக்குங்கள். பதிப்பு எண் இல்லாமல் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்று மட்டும் இருக்கும் பொதியைத் தொடாதீர்கள். புதிய கர்னல்களை இழுத்து வருவது அதுதான்.
4. பாதியில் நின்ற நிறுவலால் ஏபிடி முரண்டு பிடித்தால், அதே பொதியை 'டிபிகேஜி --பர்ஜ்' கொண்டு நீக்கலாம். /பூட் கோப்புறைக்குள் போய் கோப்புகளைக் கையால் அழிப்பது வேண்டாம். பொதி இன்னும் இருப்பதாகவே டிபிகேஜி நினைத்துக்கொள்ளும், அடுத்த அப்டேட்டில் இடம் மறுபடி நிரம்பும்.
5. 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அடுத்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்', கடைசியாக 'அப்டேட்-கிரப்'. வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் இனிட்ஆர்டி இருந்தால்தான் கிரப் அதை மெனுவில் சேர்க்கும்.
6. 'எல்எஸ் -எல்எச் /பூட்' கொடுத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு விஎம்லினஸுக்கும் அதே எண்ணில் ஓர் இனிட்ஆர்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றதைவிடப் பாதி அளவில் இருந்தால் அது முழுதாக எழுதப்படவில்லை.

இடம் எப்போதுமே நெருக்கடி என்றால், /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில் உள்ள இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பதை மாட்யூல்ஸ்=டெப் என்று மாற்றலாம். இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் சேர்வதால் இனிட்ஆர்டி நன்றாகச் சிறுக்கும். ஆனால் நாளைக்கு அதே டிஸ்கை வேறு கணினியில் மாட்டினால் எழாமல் போகலாம். டிஸ்கை மாற்றி மாற்றிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் மோஸ்ட் என்றே விட்டுவிடுங்கள்.

படி 4: இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்ட்டில் நின்றால்

பெரும்பாலும் அதற்கு மேலேயே 'அலர்ட்! யூயூஐடி=… டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று காரணமும் எழுதியிருக்கும். யூயூஐடி என்பது பார்ட்டிஷனின் அடையாள எண். 'பிஎல்கேஐடி' தட்டிப் பாருங்கள். வரும் பட்டியலில் அந்த யூயூஐடி இல்லை, டிஸ்கே தெரியவில்லை என்றால் கேபிள், யூஎஸ்பி பெட்டி, பவர் ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டி சில நேரம் தாமதமாக எழும். ப்ராம்ப்ட் வந்து சில நொடி கழித்துப் பார்த்தால் டிஸ்க் பட்டியலில் இருக்கும். எக்ஸிட் கொடுத்தால் பூட் தொடரும். அப்படியானால் கர்னல் வரியில் (கிரப் கர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்கள் உள்ள வரி) ரூட்டிலே=60 சேர்த்துவிடுங்கள், 60 நொடி வரை பொறுத்துத் தேடும்.

டிஸ்க் இருக்கிறது, யூயூஐடி மட்டும் வேறு என்றால் நீங்கள் குளோன் செய்தோ ஃபார்மட் செய்தோ மாற்றியிருப்பீர்கள். கிரப் மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் எண்ணைத் திருத்தி, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுத்தால் இந்த ஒரு தடவை எழும். எழுந்த பிறகு /ஈடிசி/எஃப்எஸ்டேப் கோப்பிலும் (எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) திருத்திவிட்டு 'அப்டேட்-கிரப்' கொடுங்கள்.

'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி' என்றால் மின்வெட்டில் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருக்கிறது. அதே செய்தியில் இருக்கும் பார்ட்டிஷன் பெயரைப் போட்டு 'எஃப்எஸ்சிகே -ஒய்' ஓட்டி, முடிந்ததும் எக்ஸிட்.

இதையெல்லாம் தாண்டி 'எமர்ஜென்சி மோட்' என்று நின்றால், எஃப்எஸ்டேப்பில் எழுதிய ஏதோ ஒரு தரவு டிஸ்க் வரவில்லை. சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிட்டிருக்கிறது. ரூட், பூட் தவிர மற்ற டிஸ்க் வரிகளில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் ஒரு யூஎஸ்பி டிஸ்க் செத்ததற்காக சர்வர் முழுவதும் முடங்காது.

படி 5: கிரப்பே எழவில்லை என்றால்

பென் டிரைவைச் செருகி பூட் மெனுவைத் திறங்கள். ஒரே பென் டிரைவ் அங்கே இரண்டு முறை தெரியலாம்: ஒன்று யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு, மற்றது இல்லாமல். உங்கள் சர்வர் எந்த முறையில் இன்ஸ்டால் ஆனதோ அதே முறையில் எழுப்புங்கள். யூஇஎஃப்ஐ சர்வரைப் பழைய முறையில் எழுப்பிவிட்டு கிரப்பை இன்ஸ்டால் செய்தால் 'இஎஃப்ஐ வேரியபிள்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்' என்றுதான் வரும். எந்த முறை என்று நினைவில்லை என்றால் டிஸ்கின் பார்ட்டிஷன்களைப் பாருங்கள். ஃபேட்32-ல் ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால் யூஇஎஃப்ஐ.

இன்ஸ்டாலர் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெஸ்க்யூ மோட். மொழி, நெட்வொர்க் கேள்விகள் முடிந்ததும் ரூட் பார்ட்டிஷன் எது என்று கேட்கும். தனி /பூட், /பூட்/இஎஃப்ஐ இருந்தால் அவற்றையும் மவுன்ட் செய்யவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பிறகு அந்த ரூட்டிலேயே ஒரு ஷெல் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'டிஎஃப் -எச்' கொடுத்து மூன்றும் மவுன்ட் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். /பூட் மவுன்ட் ஆகாமல் 'அப்டேட்-கிரப்' ஓட்டினால் மெனு வேறெங்கோ எழுதப்படும், நிலைமை மாறாது.

யூஇஎஃப்ஐ என்றால்: 'கிரப்-இன்ஸ்டால் --ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்', பிறகு 'அப்டேட்-கிரப்'. முதல் கட்டளையின் நீண்ட வாலுக்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கோப்பை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பை மதர்போர்டு தன் என்விரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) வைத்திருக்கும். மலிவான மினி பிசிக்களின் ஃபர்ம்வேர் சில சமயம் அந்தக் குறிப்பைத் தொலைத்துவிடும். அப்போது அது தேடிப் போவது இஎஃப்ஐ பார்ட்டிஷனில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொதுப் பெயரை மட்டும்தான். இந்த விருப்பம் கிரப்பை அந்தப் பெயரிலும் ஒரு பிரதி வைத்துவிடும். இனி வரும் அப்டேட்டுகளிலும் அது புதுப்பிக்கப்பட 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' கொடுத்து, ரிமூவபிள் மீடியா பற்றிய கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள்.

பழைய பயாஸ் என்றால் 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி' கொடுத்து, பட்டியலில் பூட் ஆகக்கூடிய எல்லா டிஸ்குகளையும் தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷனை அல்ல, முழு டிஸ்கை. இரண்டு டிஸ்க் உள்ள சர்வரில் ஒன்றில் மட்டும் கிரப் புதுப்பிக்கப்பட்டு, கணினி மற்றதிலிருந்து எழுந்தால், பழைய ஆரம்பத் துண்டும் புதிய மாட்யூல்களும் ஒத்துப்போகாது. 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற கிரப் ஓட்டைக்கான பாதுகாப்புத் திருத்தம் வந்தபோது பலருக்கு 'சிம்பல் கிரப்_காலாக் நாட் ஃபவுண்ட்' என்று நின்றது இதனால்தான். டிஸ்கை மாற்றிய கையோடு இந்த ரீகான்ஃபிகரை ஓட்டிவிடுவது நல்லது. ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்கில் பயாஸ் முறை என்றால் 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்றும் தேவை.

'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் செக்யூர் பூட் என்ற ஃபர்ம்வேர் பாதுகாப்பு, கையொப்பம் இல்லாத கர்னலைத் தடுக்கிறது. நீங்களே கட்டிய கர்னல் என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தோ, சொந்தச் சாவியைப் பதிந்தோதான் ஓட்ட முடியும்.

படி 6: அடுத்த கர்னலை ஒருமுறை மட்டும் சோதித்துப் பார்ப்பது

மானிட்டர் இல்லாத சர்வருக்கு இது கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கிரப்_டிஃபால்ட் மதிப்பை சேவ்ட் என்று மாற்றுங்கள். கர்னல் வரியில் பேனிக்=30 சேர்த்து 'அப்டேட்-கிரப்' கொடுங்கள். இனி புதிய கர்னல் வரும்போதெல்லாம் ரீபூட்டுக்கு முன் இரண்டு கட்டளைகள்: 'கிரப்-செட்-டிஃபால்ட் "1>2"', 'கிரப்-ரீபூட் 0'.

கிரப் எண்ணுவது சுழியிலிருந்து. 1 என்பது அட்வான்ஸ்ட் மெனு; அதற்குள் 0 புதிய கர்னல், 1 அதன் ரெகவரி, 2 முந்தைய கர்னல். ஆக நிரந்தரம் பழையது, அடுத்த ஒரு பூட் மட்டும் புதியது. புதியது பேனிக் ஆனால் 30 நொடியில் தானே ரீபூட் ஆகிப் பழையதில் எழும். ரூட் டிஸ்க் கிடைக்காமல் போனாலும் டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் அதே பேனிக்=30-ஐ மதித்து, ப்ராம்ப்ட்டில் நிற்காமல் ரீபூட் செய்யும். படி 4-ல் சொன்ன ப்ராம்ப்ட் உங்களுக்குத் தேவைப்பட்டால், மெனுவில் 'இ' அழுத்தி பேனிக்=30-ஐ எடுத்துவிட்டு எழுப்ப வேண்டும். பேனிக் ஆகாமல் அப்படியே உறைந்துபோனால் பவரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள், பழையது வரும். அதற்கு பயாஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானே ஆன் ஆகும்படி வைத்திருக்க வேண்டும்.

புதியதில் நன்றாக எழுந்துவிட்டதா, 'யூநேம் -ஆர்' கொடுத்து உறுதி செய்துகொண்டு 'கிரப்-செட்-டிஃபால்ட் 0' கொடுங்கள்.

/பூட் எல்விஎம், மென்பொருள் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்ப்பது), பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் ஆகியவற்றின்மேல் இருந்தால் இந்த முறையை நம்பாதீர்கள். 'ஒருமுறை மட்டும்' என்ற குறிப்பை கிரப் தன் கிரப்என்வ் கோப்பிலிருந்து அழிக்க வேண்டும். அந்த அமைப்புகளில் கிரப்பால் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். குறிப்பு அழியாமல், கெட்ட கர்னலே திரும்பத் திரும்ப எழும். அதனால் புதிதாக இன்ஸ்டால் செய்பவர்கள் /பூட்டுக்கு 1 ஜிபியில் சாதாரண எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். படி 3-ல் சொன்ன இட நெருக்கடியும் அதோடு தீரும்.