பழைய நெல் அறுவடை இயந்திரத்தின் பெல்ட்டுகளை மாற்றும் முறை

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் ‘பெல்ட் வண்டி’ என்றால் சேற்றில் ஊர்ந்து செல்லும் ரப்பர் தடம் கொண்ட இயந்திரத்தையே எவரும் நினைப்பர். இங்கே கூறப்படுவது அந்தத் தடத்தைப் பற்றியன்று; டயர் வண்டியானாலும் பெல்ட் வண்டியானாலும், எஞ்சினின் விசையைக் கதிரடிக்கும் டிரம், சல்லடை, காற்றாடி, தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் ஆகியவற்றுக்குக் கொண்டு செல்லும், ‘V’ எழுத்துப்போல் அடி குறுகிய வி-பெல்ட்டுகளைப் பற்றியது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் இவற்றை மாற்ற உகந்த காலம், குறுவை அறுவடை முடிந்து சம்பா அறுவடை தொடங்குவதற்கு முந்தைய கார்த்திகை, மார்கழி மாதங்கள். தை மாதத்தில் பனி உலராத கதிரை அறுக்கும்போது ஈர வைக்கோலின் சுமை முழுவதும் டிரம் பெல்ட்டின் மேல் விழுவதால், தளர்ந்த பெல்ட் பெரும்பாலும் வேலை மும்முரமாக இருக்கும் நாளில்தான் அறுகிறது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்புறக் கட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் டிரம் தன் எடையின் வேகத்தில் சிறிது நேரம் சுழலும் என்பதால், அது முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் இரு பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் ஒரு பெல்ட்டை எடுக்க, வெளியே உள்ள இரண்டு மூன்றைக் கழற்ற நேரிடும்; எது எந்தப் புல்லியின் (பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரத்தின்) மேலே, எது கீழே என்பதை மாலையில் நினைவிலிருந்து சொல்வது கடினம். அவ்வாறு கழற்ற நேர்ந்த வெளிப் பெல்ட் பழையதாக இருந்தால், அதையும் உடன் மாற்றிவிடுவதே என் பரிந்துரை. இல்லையெனில் அதே உழைப்பு அறுவடையின் நடுவே மீண்டும் தேவைப்படும்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் நட்டைத் தளர்த்தி எடுத்த பழைய பெல்ட்டை உடனே எறிந்துவிடக் கூடாது, ஏனெனில் பழுதின் காரணத்தை அதுவே காட்டும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தால் அது வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. ரப்பர் உப்பி மெத்தென்றிருந்தால் எங்கோ எண்ணெயோ கிரீஸோ கசிகிறது. ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால், வைக்கோல் அடைத்தோ பேரிங் இறுகியோ எதிர்ப்புறப் புல்லி நின்றுபோன வேளையில் எஞ்சின் புல்லி அதே இடத்தில் உரசியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் போடும் புதிய பெல்ட்டும் அதே வழியில்தான் போகும்.

புதியதை வாங்கும்போது பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஏ வகையின் மேல் அகலம் 13 மி.மீ., பி வகைக்கு 17, சி வகைக்கு 22. ‘பி 75’ என்றால் பி வகையில் உள்சுற்று 75 அங்குலம் என்று பொருள். எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டை நூலால் அளக்கலாம், ஆனால் அது நீண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உதிரிபாகக் கையேட்டின் எண்ணே நம்பத்தக்கது. இரண்டு மூன்று பெல்ட்டுகள் சேர்ந்து ஓடும் இடத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றினால், நீளம் குறைந்த புதியதே சுமை முழுவதையும் ஏற்கும். ஆகவே ஒரே நிறுவனத்தின், ஒரே அளவுள்ள தொகுப்பாகவே மாற்ற வேண்டும்.

புல்லியின் பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, கையால் சுழற்றிப் பேரிங்கில் ஆட்டமோ கரகரப்போ உள்ளதா என்று பார்க்கவும். வி-பெல்ட் பக்கச் சுவர்களால்தான் பிடிக்கிறது. பள்ளத்தின் அடி பளபளத்தால் பெல்ட் அடியைத் தொட்டு ஓடியிருக்கிறது, அந்தப் புல்லி தேய்ந்துவிட்டது. இரு புல்லிகளின் விளிம்பு அகலமும் ஒன்றாக இருந்தால், முகங்களின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடிக்கும்போது அது நான்கு விளிம்புகளையும் தொட வேண்டும்.

பெல்ட்டைத் திருப்புளியாலோ கடப்பாரையாலோ நெம்பி ஏற்றுவது பெருந்தவறு. வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளிருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். டென்ஷனரை முழுவதும் தளர்த்தி, கையால் எளிதாக உட்காரும்படி செய்ய வேண்டும். புல்லியைச் சுழற்றும்போது விரல் பள்ளத்தருகே இருக்கவே கூடாது. வேகம் மாற்றும் இரட்டைத் தட்டுப் புல்லியில் அழுந்திய ஸ்பிரிங் இருக்குமாகையால், அதைத் தெரிந்த மெக்கானிக் உதவியின்றித் திறக்க வேண்டாம்.

இறுக்கத்துக்குக் கையேட்டில் அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். இல்லையெனில், இரு புல்லிகளுக்கிடையே 60 செ.மீ. நீளமிருந்தால் நடுவில் உறுதியாக அழுத்தும்போது ஏறத்தாழ 1 செ.மீ. இறங்குவது பொதுக் கணக்கு. அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்கும் ஷாஃப்டும் கெடும். தானியம் கொட்டும் குழாயைப் போல, நெம்புகோலால் பெல்ட்டை இறுக்கியும் தளர்த்தியும் இயக்கும் இடங்களில், பெல்ட்டைச் சுற்றியுள்ள காப்புக் கம்பிகள் இயக்கத்தின்போது அதில் உரசாதபடி சிறு இடைவெளி விட வேண்டும்.

மூடிகளைப் பூட்டிய பின் அரை மணி நேரம் சுமையின்றி ஓட்டி, நிறுத்தி, இறுக்கத்தை மீண்டும் பார்க்கவும். புதிய பெல்ட் பள்ளத்தில் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். வயலில் முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றியவற்றில் வெடிப்பில்லாத தொகுப்பு இருந்தால் ஒன்றாகக் கட்டி, எந்த இடத்தினது என்று எழுதி, வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வைத்தால் அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்ட உதவும்.