குடியுரிமைப் படிவத்தில் ‘வேலை இல்லை’ என்று எழுதப் பயப்படாதீர்கள்

ஸ்காபரோவில் சனிக்கிழமைகளில், கனடாக் குடியுரிமைப் படிவம் நிரப்ப வருகிறவர்களுக்கு உதவுகிறேன். படத்தின் அளவு, கையெழுத்து விடுபடுவது போன்றவற்றை இங்கே தொடவில்லை. வழிகாட்டியை ஒருமுறை வாசித்தாலே அவை சரியாகிவிடும். வேலை விவரப் பகுதியில் நான் அன்று செய்த பிழையையே இன்றும் ஆள்கள் செய்கிறார்கள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

வேலையில்லாத மாதங்களை மறைப்பது

கையெழுத்திடும் நாளுக்கு முந்திய 5 வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று படிவம் கேட்கிறது. வேலை, படிப்பு, வீட்டில் இருந்தது எல்லாமே வர வேண்டும். இடையில் வெற்றிடம் இருக்கக் கூடாது. தொழிற்சாலை வேலை போய் ஏழு மாதம் வீட்டில் இருந்ததை நான் எழுதாமல் விட்டேன். ‘வேலையைத்தானே கேட்கிறார்கள்’ என்ற நினைப்பு. விண்ணப்ப உறை அப்படியே திரும்பி வந்தது. அந்த 5 வருடங்களில் கனடாவில் 1,095 நாள் இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

எனக்குப் போனது சில மாதங்கள்தான். வெற்றிடத்தைப் பொய்யால் நிரப்புகிறவர்களுக்குப் போவது அதைவிட அதிகம். ஒரு அக்கா, பிள்ளை பிறந்து ஒன்பது மாதம் வீட்டில் இருந்தவ. ‘வேலை இல்லை என்றால் சிட்டிசன் தரமாட்டாங்கள்’ என்று யாரோ பயமுறுத்த, சொந்தக்காரரின் கடையில் நின்றதாக எழுதிவிட்டா. அதே வருடம், பிள்ளைகளுக்கு அரசு தரும் பிள்ளைக்காசுக்காக வருமானம் பூச்சியம் என்று வரிக்கணக்குக் கொடுத்திருந்தா. வரி விவரத்தைக் குடிவரவுத் திணைக்களம் பார்க்க அனுமதிப்பதாகக் குடியுரிமைப் படிவத்திலேயே சம்மதமும் கொடுத்திருந்தா! பிறகு சம்பளத் துண்டு கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்தது. இல்லாத துண்டை எங்கே எடுப்பது? கடிதத்தைப் பிடித்திருந்த அவவின் கை நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த ஆலோசனை சொன்னவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

குடியுரிமைக்கு வேலை ஒரு நிபந்தனையே அல்ல. சமூக உதவிப் பணத்தில் இருக்கிறவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பொய்த் தகவல் கொடுத்தது பிடிபட்டால் 5 வருடத்துக்குக் குடியுரிமை பெற முடியாமல் போகலாம். ‘வீட்டைப் பார்த்தேன்’ என்ற உண்மைக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

வேலை கிடைத்த பிறகு போடலாம் என்று காத்திருப்பது

தேவையே இல்லை.

கைக்காசு வேலையை விட்டுவிடுவது

சம்பளத்தைக் கையில் காசாக வாங்கினாலும் அது வேலைதான், எழுதுங்கள். வரியில் காட்டவில்லை என்றால் முதலில் கணக்காளரிடம் போய் அதைத் திருத்துங்கள்.

‘வருமானமே இல்லை, வரிக்கணக்கு எதற்கு?’

வரிச் சட்டப்படி கணக்குக் கொடுக்க வேண்டியவர், அந்த 5 வருடங்களில் 3 வருடத்துக்காவது கொடுத்திருக்க வேண்டும். வருமானம் இல்லாதவரும் கொடுத்து வைப்பது நல்லது. பிள்ளைக்காசு எடுக்கிற வீடுகளில் இதைச் சொல்லத் தேவையில்லை, அதற்காகவே கணக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கனடாக் கம்பனிக்காக வெளிநாட்டில் நின்ற நாள்கள்

1,095 நாள் கணக்கில் சேராது. அரச ஊழியர், படையினர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு.

சரி, எப்படி எழுதுவது? வருகிறவர்களிடம் முதலில் படிவத்தைத் திறக்க வேண்டாம் என்பேன். ஒரு கொப்பித் தாளில் 60 மாதங்களையும் கீழே கீழே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்தோம் என்று குறிக்க வேண்டும். ரீ-4 துண்டு (வேலை கொடுத்தவர் தரும் வருடச் சம்பள விவரம்), கல்லூரிக் கடிதம், கடவுச்சீட்டு முத்திரை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த அக்காவின் தாளில் ஒன்பது வரிகளுக்கு எதிரே எழுத வேண்டியிருந்தது ஒன்றுதான்: வீட்டில், பிள்ளையுடன்.