அயர்லாந்து நூலகத்தில் ஐரிஷ்: நாம் செய்யும் தவறுகள்

மார்ச் பிறந்துவிட்டால் அயர்லாந்தின் பொது நூலகங்களில் ஐரிஷ் மொழி களைகட்டும். மார்ச் 1 முதல் புனித பேட்ரிக் நாளான 17 வரை 'ஷாக்டன் நா கேல்கே', அதாவது ஐரிஷ் மொழி வாரம். 1902இல் தொடங்கிய விழா இது. பெயரில்தான் வாரம், நடப்பது இரண்டு வாரத்துக்கும் மேல். இங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, "நமக்குத்தான் ஐரிஷ் தெரியாதே" என்று நகர்ந்துவிடுகிறோம்.

தெரிந்தவர்களுக்கு மட்டும் நடக்கும் கூட்டம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச வரும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்களோ 71,968 பேர்தான். நூலக மேசையில் உங்கள் பக்கத்தில் உட்காரப்போகிறவர் பெரும்பாலும் பள்ளியில் படித்துப் பாதி மறந்துபோனவராகத்தான் இருப்பார். அவருக்கும் உங்களைப் போலவே தயக்கம் உண்டு.

பல நூலகங்களில் மார்ச் முடிந்த பிறகும் 'கிர்கல் கோரா' என்ற உரையாடல் வட்டம் நடக்கும். நான் முதல்முறை போனபோது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்த வயதான அம்மா பிஸ்கட் தட்டை என் நோட்டின் மேலேயே வைத்து, "அன் வில் ஒக்ரஸ் ஒர்ட்?" என்றார். பசிக்கிறதா என்று கேட்கிறார். "தா" என்றேன். அவ்வளவுதான், அன்றைக்கு நான் முதல்முதலாக ஐரிஷ் பேசிவிட்டேன். டியூஷனுக்குப் போவதுபோல் அங்கே போகாதீர்கள். அது பேசுகிற இடம். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். மற்றவர் தப்பாகப் பேசினால் இடைமறித்துத் திருத்துவதும், இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் வட்டத்தையே கலைத்துவிடும். கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

அந்தத் 'தா'வைக் கொஞ்சம் பாருங்கள். அதற்குப் பொருள் 'இருக்கிறது'. ஐரிஷில் ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. கேள்வியில் வந்த வினைச்சொல்லையே பதிலாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அன் டிகன் தூ?" என்றால் உனக்குப் புரிகிறதா. "டிகிம்" என்றால் புரிகிறது. நாம் வீட்டில் பேசுவதும் இப்படித்தானே? "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிட்டேன்" என்போம். ஆங்கிலம் வழியாக ஐரிஷ் கற்கிறவர்களுக்கு இது தடுமாற்றம், நமக்குப் பழகிய பாதை. "எனக்குப் பசிக்கிறது" என்பதை ஐரிஷில் "தா ஒக்ரஸ் ஒரம்" என்பார்கள், 'என்மேல் பசி இருக்கிறது' என்று. பசி வருகிறது, நாம் அதை வாங்கிக்கொள்கிறோம். "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்பது "தா லௌர் அகம்". சொல்லுக்குச் சொல் அதே கருத்து. தமிழை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் மாற்றிப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான் நாம் செய்வதிலேயே பெரிய தவறு என்பேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும், அவர்களுக்கு முதலில்.

எழுதும்போது பலரும் விட்டுவிடுவது உயிரெழுத்தின் மேலே போடும் சாய்கோடு. அதன் பெயர் ஃபாடா. அந்தச் சொல்லுக்கே 'நீளம்' என்றுதான் பொருள். குறிலை நெடிலாக்கும் குறி அது. கல், கால் வேறுபாடு தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனாலும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். 'ஃபார்' என்றால் ஆண், ஃபாடா போட்டு 'ஃபேர்' என்றால் புல். குழந்தையின் பிறந்தநாள் அட்டையில் கேக்குக்கான 'காகா' என்ற சொல்லைக் கோடு இல்லாமல் எழுதினால் அது மலத்தைக் குறிக்கும் சொல்லாகிவிடும், நம் வீட்டுக் 'கக்கா'வேதான்!

ஆங்கில ஒலிப்பில் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் வேண்டாம். மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும் 'எச்' தனி ஒலி அல்ல, முன்னால் நிற்கும் எழுத்தின் ஒலியை மென்மையாக்கும் குறி. பழைய ஐரிஷ் அச்சில் அதற்குப் பதிலாக எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். நம் புள்ளி உயிரொலியை நீக்கும், அவர்கள் புள்ளி மெய்யொலியை மாற்றும். சந்தேகம் வந்தால் டியாங்லன் என்ற இணைய அகராதியில் மூன்று வட்டார வழக்கிலும் ஒலியைக் கேட்கலாம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்பதற்கு மன்ஸ்டரில் "கொனஸ் அதா தூ", கோனாக்டில் "கே ஹீ அ வில் தூ", அல்ஸ்டரில் "கஜே மர் அதா தூ". பள்ளியில் பிள்ளை படித்தது ஒன்று, நூலகத்தில் கேட்டது வேறு என்றால் ஏதோ ஒன்று தப்பு என்று முடிவுகட்டாதீர்கள். மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் போலத்தான்.

குழந்தைகளுக்கான கதைநேரத்தில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள். பெரியவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்தப் பாட்டு வீடுவரை வரும். கோடையில் 'சம்மர் ஸ்டார்ஸ்' என்ற வாசிப்புத் திட்டம் நடக்கும். அதில் எத்தனை புத்தகம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட ஆரம்பித்தால் வாசிப்பின் ருசி போய்விடும். படப்புத்தகமும் காமிக்ஸும் வாசிப்புதான். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் தடித்த நாவலைத் திணிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு எழுத்துக் குழுக்கள் உண்டு. அங்கே இருபது பக்கத்தைக் கொண்டுபோய் முழுக்க வாசிப்பது மற்றவர்களின் நேரத்தைப் பறிப்பது. ஒரு பக்கம், இரண்டு பக்கம் போதும். "இதில் நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்ற முன்னுரையும் வேண்டாம்.

அப்புறம் அட்டை. உறுப்பினர் ஆவது இலவசம். ஒரே அட்டையை நாட்டின் எந்தப் பொது நூலகத்திலும் பயன்படுத்தலாம். ஓர் ஊரில் எடுத்ததை இன்னோர் ஊரில் திருப்பலாம். தாமதக் கட்டணத்தை 2019லேயே எடுத்துவிட்டார்கள். அபராதத்துக்குப் பயந்து சோபாவுக்கு அடியில் மறைந்து கிடக்கும் அந்த ஐரிஷ் படப்புத்தகத்தை இந்தச் சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அதற்கு வேறொரு குழந்தை பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம்.