கான்ட்ராஸ்ட் ஊசி: முன்னால் ஒரு எண், பின்னால் ஒரு எண்

அப்பாவின் ஆஞ்சியோகிராம் நல்லபடியாக முடிந்து மறுநாளே டிஸ்சார்ஜ் ஆனோம். மூன்றாம் நாள் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சந்தேகப்பட்டு ரத்தப் பரிசோதனை எடுத்தால், 1.9 ஆக இருந்த கிரியேட்டினின் 2.7 காட்டியது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது. இதயத்தைப் பார்க்கப் போய்ச் சிறுநீரகத்தில் வந்து நின்றோம். அன்றிலிருந்து உறவில் யாருக்கு ஸ்கேன் என்றாலும் போன் போட்டு இதையெல்லாம் சொல்கிறேன்.

முதலில், கான்ட்ராஸ்ட் உண்டா என்று கேளுங்கள். படத்தில் ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து அது, அப்பாவுக்கு ஆஞ்சியோகிராமில் போட்டதும் அதுதான். சாதாரண சிடி ஸ்கேனுக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் அது கிடையாது. எம்ஆர்ஐக்குப் போடுவது காடோலினியம். அது வேறு கதை. நான் சொல்வது அயோடின் கலந்த மருந்தைப் பற்றி. அது சிறுநீரகத்தின் உட்பகுதிக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், அங்குள்ள நுண்குழாய்களின் செல்களையும் நேராகவே பாதிக்கும். இதய ஆஞ்சியோகிராமில் தமனி வழியாகச் செலுத்துவதால், கை நரம்பில் போடும் ஊசியைவிட அடர்த்தியாகச் சிறுநீரகத்தை எட்டும்.

அடுத்து, கிரியேட்டினினை மட்டும் பார்க்காமல் இஜிஎஃப்ஆர் எவ்வளவு என்று கேளுங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் கணக்கு அது, குறையக் குறைய மோசம். ஒரே 1.2 கிரியேட்டினின்தான், 25 வயது ஆணுக்கு அது ஏறக்குறைய 86 இஜிஎஃப்ஆர், 70 வயதுப் பெண்ணுக்கு 49. ‘கொஞ்சம்தானே கூட இருக்கு’ என்ற பேச்சில் ஏமாறுவது இங்கேதான். 45க்கு மேல் இருந்தால் கை நரம்பு ஊசிக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். 30க்குக் கீழே என்றால் ஸ்கேன் அறைக்குள் போகும் முன் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். 71 வயதில் அப்பாவுக்கு 37. அந்த எண் அவருடைய ஃபைலிலேயே இருந்தது. வார்டில் பார்த்தவர் ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேபில் கவனிப்பார்கள் என்று நினைத்தார், கேத் லேபில் வார்டில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். அதனால் ஊசி போட வருபவரிடமே எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி அவசரம் என்றால் மட்டும் இந்தக் கேள்விகளுக்காக நேரத்தைக் கடத்தாதீர்கள்.

இனி மாத்திரைப் பை. இதில் தப்பு என்னுடையது. தொடை வழியாகச் செய்ததால் அப்பா பல மணி நேரம் நேராகப் படுத்தே இருக்க வேண்டியதாயிற்று. முதுகு வலி என்றார். பையில் இருந்த டைக்ளோஃபெனாக்கை யாரிடமும் கேட்காமல் கொடுத்தேன், இரண்டு நாளில் நான்கு மாத்திரை. ரத்தம் குறைந்த சிறுநீரகம் தன் ரத்தக் குழாய்களை விரித்துத்தான் சமாளிக்கும். அந்த வழியையும் இந்த வகை வலி மாத்திரை அடைத்துவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபேன் இரண்டையும் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்காது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தால் அது உடம்பில் தேங்கி லாக்டிக் அமிலத்தை ஏற்றும். அதனால் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே இருந்தாலோ தமனி வழி ஊசி என்றாலோ, 48 மணி நேரம் நிறுத்தி ரிசல்ட் பார்த்துத் தொடரலாமா என்று கேளுங்கள். நீர் மாத்திரையையும் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முன்னும் பின்னும் சாதாரண சலைன் ஏற்றுவதுதான் வழக்கம். அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை காக்கும் என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். ஆஞ்சியோகிராஃபி செய்துகொண்ட ஏறக்குறைய 5,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் அதற்குப் பலன் தெரியவில்லை. வீட்டில் குடம் குடமாகக் குடிக்க வைப்பதும் வேண்டாம். இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் எங்களுக்கு எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. உண்மையில் கிரியேட்டினின் ஏற ஆரம்பிப்பதே 24 முதல் 48 மணி நேரத்துக்குள். உச்சம் மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில். ஆகவே கிளம்பும் முன்பே, 48 மணி நேரம் கழித்து எடுக்க ஒரு கிரியேட்டினின் சீட்டை எழுதி வாங்கிவிடுங்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அப்பாவுக்கும் நன்றாகத்தான் போனது. 60 கிலோ உள்ளவருக்கு 6 மணி நேரத்தில் 180 மில்லிக்குக் கீழே குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிப் போங்கள். அதற்குள் இன்னொரு கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எழுதினால், சில நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள்.

ஏறிய கிரியேட்டினின் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கிவிடும். அப்பாவுக்குப் பதினொன்றாம் நாள் 2.0. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. இப்போது முதுகு வலி என்றால் தைலத்தோடு சரி.