வீட்டில ஏற்கனவே பூனை இருக்கேக்க குட்டியளை எடுத்து வளர்க்கிறது எப்பிடி

குட்டியளைக் கண்ட உடனே தூக்கிக்கொண்டு வராதீங்க. தாய்ப்பூனை மீன் மார்க்கெட் பக்கம் சாப்பாடு தேடிப் போயிருக்கும், நீங்க கிட்ட நிண்டா அது வராது, தள்ளி நிண்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் பாருங்க. வயிறு நிரம்பி, சுத்தமா, சத்தம் போடாம படுத்திருக்கிற குட்டிக்கு அநேகமா தாய் இருக்கு. தாய் பிடிபட்டா தாயோட சேத்தே கொண்டு வாங்க, வேலை பாதி குறையும். ஆரும் பெட்டியில போட்டு விட்டுட்டுப் போனதுகள், மழையில நனைஞ்சு குளிர்ந்துபோய்க் கிடக்கிறதுகள் எண்டா யோசிக்காம எடுங்க, கார்த்திகை மார்கழியில திருகோணமலையில பெய்யிற மழைக்குச் சின்னக் குட்டி ஒரு இரவு தாங்கிறதே கஷ்டம்.

ஆனா எடுக்கமுதல் உங்கட வீட்டுப் பூனையைப் பற்றி யோசிக்கோணும். அதுக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கோணும், குட்டியளுக்கு எண்டு கதவு பூட்டக்கூடிய தனி இடம் இருக்கோணும், பாத்ரூம் எண்டாலும் காணும். இந்த ரெண்டும் இல்லையெண்டா எடுக்காதீங்க, வசதி உள்ள ஆக்களிட்ட குடுத்துப்போட்டு பால்மாவுக்குக் காசு குடுங்க, அதுவும் பெரிய உதவிதான்.

குறைஞ்சது ரெண்டு கிழமைக்கு அந்தக் கதவு பூட்டியே இருக்கோணும். ஏனெண்டா பான்லூக்கோபீனியா எண்டு ஒரு வைரஸ் நோய் இருக்கு, பூனைப் பார்வோ எண்டும் சொல்லுவாங்க, அது குட்டியின்ர உடம்புக்குள்ள போனாலும் வெளியில தெரிய பத்து நாள் வரைக்கும் போகலாம், அதுக்குள்ள நல்லா ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அதைவிட தடிமன், படர்தாமரை, தெள்ளு, புழு எல்லாம் தெருவில இருந்து வரும். அதால முதல்ல வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு, பிறகுதான் குட்டியள். அந்த அறைக்கு வேற செருப்பு, வேற உடுப்பு, வேற கோப்பை, வெளியில வந்தா சோப் போட்டுக் கை கழுவுங்க.

இங்க நிறையப் பேர் அன்பில செய்யிற ஒரு காரியம் டெட்டோல் போட்டுத் துடைக்கிறது, அதிலயே குட்டியைக் குளிப்பாட்டுறது. செய்யாதீங்க, பூனையின்ர ஈரலால அதைக் கழிக்க ஏலாது, நக்கி நக்கியே நஞ்சாகிரும். பனடோலும் அப்பிடித்தான், ஒரு குளிசையே ஒரு பெரிய பூனையைக் கொல்லும். நாய்க்கு விக்கிற தெள்ளு மருந்தில பெர்மெத்ரின் எண்ட பூச்சிகொல்லி இருந்தா அதுவும் வேண்டாம். சின்னக் குட்டிக்குத் தெள்ளுச் சீப்பால வாரி எடுக்கிறதுதான் பாதுகாப்பு, கூடத் தெள்ளு இருந்தா ரத்தம் குறைஞ்சே செத்திரும், அதால இதை நாளைக்கு எண்டு விடாதீங்க.

தாய் இல்லாத குட்டிக்கு முதல்ல சூடு, பிறகுதான் பால். உடம்பு குளிர்ந்திருக்கேக்க பால் பருக்கினா செமிக்காது, உயிருக்கே ஆபத்து. போத்தல்ல சுடுதண்ணி விட்டு துவாயால சுத்தி பெட்டியின்ர ஒரு பக்கம் மட்டும் வையுங்க, மற்றப் பக்கம் சூடில்லாம இருக்கட்டும், எங்கட வெயில் நேரத்தில அதுக்கு அங்கால போக இடம் வேணும். பசுப்பால் வயித்தாலடியைக் குடுக்கும், பூனைக்குட்டிப் பால்மா வாங்குங்க. முதல் கிழமை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பிறகு மூண்டு நாலு எண்டு கூட்டிக்கொண்டு போகலாம். குப்புறப் படுக்கவைச்சுத்தான் பருக்கோணும், பிள்ளையை ஏந்திற மாதிரி மல்லாக்க வைச்சா பால் நெஞ்சுக்குள்ள போயிரும். மூண்டு கிழமை மட்டும், சிலதுக்கு நாலு கிழமை மட்டும், ஈரத்துணியால அடியில தடவிவிட்டாத்தான் மூத்திரம் போகும். ஒவ்வொரு நாளும் குசினித் தராசில நிறுங்க, நாளுக்கு 10 இலிருந்து 15 கிராம் ஏறோணும், ஏறாம நிண்டா அண்டைக்கே மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்க. மண் பெட்டிக்குக் காஞ்ச மணலோ கிழிச்ச பேப்பரோ காணும், கட்டியாகிற கடை மண் வேண்டாம், தின்னப் பாக்குங்கள்.

இனி பழக்கிறது. ரெண்டு கிழமை முடிஞ்சு, வைத்தியர் பாத்து, வயித்துப் புழுவுக்கு மருந்தும் குடுத்தாப் பிறகுதான். முதல்ல குட்டியள் படுத்த துணியை வீட்டுப் பூனை விரும்பின நேரம் வந்து மணக்கிற மாதிரி ஒரு மூலையில போடுங்க. பிறகு கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு, ஒரு துண்டு சூடை மீன் அவிச்சு வைச்சா உங்கட ஆள் தானா கதவடிக்கு வரும். அதுக்குப் பிறகு வலைக்கு அங்கால இருந்து பாக்கட்டும், கடைசியா நீங்க பக்கத்தில இருக்கேக்க மட்டும் அஞ்சு நிமிஷம். சீறினா பிழையில்லை, அது எல்லை சொல்லுது, பேசாதீங்க, அடிக்காதீங்க. காதை மடக்கி, உடம்பைப் பதிச்சு, கண் வெட்டாம பாத்தா உடனே பிரிங்க. நலமெடுக்காத, அதாவது கருத்தடை செய்யாத கடுவன் பூனை எண்டா குட்டியளோட தனிய விடவே கூடாது.

இந்த நாட்களில ஆக்கள் குட்டியளையே பாத்துக்கொண்டிருப்பினம், பெரிய பூனையை ஆரும் கவனிக்க மாட்டினம், எனக்கு மனம் நோகிறது அதுக்குத்தான். அது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தா சும்மா கோவம் எண்டு விடாதீங்க, பட்டினி கிடந்தா பூனைக்கு ஈரலில கொழுப்புப் படியும். கடுவன் திரும்பத் திரும்ப மண்ணில குந்தி ஒரு சொட்டு மூத்திரமும் போகாட்டி அது அவசரம், விடிய விடிய பாத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது படுக்கிற கதிரை, அதின்ர கோப்பை, உங்களோட இருக்கிற நேரம், ஒண்டையும் மாத்தாதீங்க.

ஆறு முதல் எட்டுக் கிழமையில தடுப்பூசி தொடங்கும், மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா 16 கிழமை மட்டும் போகும். விசர்நாய்க்கடி ஊசியை மறக்காதீங்க, பூனையாலயும் வரும். தெருக்குட்டி கடிச்சா பிறாண்டினா சோப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எட்டுக் கிழமை தாண்டி ஒரு கிலோவுக்குக் கிட்ட வந்தா வீடு பாத்துக் குடுக்கலாம், நலமெடுக்கிறம் எண்டு சொல்லுற ஆக்களுக்கு மட்டும். பிறகு அறையைச் சோப்பால கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்க, அது முடியுமட்டும் வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் விடாதீங்க. பார்வோ வந்த அறை எண்டா ஒரு வருஷத்துக்கு ஊசி போடாத குட்டி ஒண்டையும் அதுக்குள்ள கொண்டு போகாதீங்க, அந்த வைரஸ் அவ்வளவு காலம் கிடக்கும்.